நிலுவையில் ஒரு மாப்பிள்ளை

என் காதலை நான் முதலில் சொன்னது தோழியிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஒரு லிஃப்ட் கம்பெனியின் மொத்த ஊழியர்களுக்கும் ஒரே நேரத்தில், திங்கட்கிழமை காலை, ராகு காலம் முடிந்த பிறகு, தேங்காய் உடைத்து, பெரிய திரையில் காட்டினேன். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் செய்த விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கூட எழுத்துக் கூட்டாமல் படித்தார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தலைக்கனத்துக்குத் தனியாக இன்னும் பத்து வயது சேர்த்துக்கொள்ளலாம். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைக்கு மேஜை ஃபைல் தூக்கிக்கொண்டு போவதுதான் வாழ்நாள் முழுக்க அவர் வேலை. என் வேலை என்ன என்று அவருக்கு ஒருநாள் விளக்கினேன். "அட, நான் பண்ண வேலைதான். நீ உக்காந்துகிட்டே பண்ற" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு எத்தனை ஃபைல் நகர்ந்துச்சு?" என்று கேட்பார். நானும் ஒரு எண்ணைச் சொல்வேன். (பாதி நாள் பொய்.)

நகர்ந்த ஃபைல்களின் கதை இதுதான். எங்கள் கம்பெனிக்கு உள்ளுக்குள் மட்டும் புழங்கும் ஓர் இணையதளம் இருந்தது. இன்ட்ராநெட் என்பார்கள். லிஃப்ட் பராமரிப்புக் கையேடு, பாதுகாப்புச் சோதனை அறிக்கை, லீவு விண்ணப்பம் எல்லாம் அதில்தான். பல வருஷமாக யாரும் கூட்டிப் பெருக்காத வீடு அது. ஒரே கையேட்டுக்கு 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி', 'இதை மட்டும் பயன்படுத்தவும்' என்று நாலு பிரதி கிடக்கும். எதை நம்பி லிஃப்ட்டைப் பழுது பார்ப்பது என்று மெக்கானிக்குகள் தலையைச் சொறிவார்கள். இதை மொத்தமாக மாற்றிப் புதிய தளம் கட்ட வேண்டும் என்று முடிவானபோது, வெளி ஆட்கள் வேண்டாம், எங்கள் பிள்ளைகளே செய்வார்கள் என்று எம்.டி.யிடம் வாக்குக் கொடுத்தார் எங்கள் தலைவர் நாகராஜ் சார். பிள்ளைகள் என்றால் நானும் இன்னும் இரண்டு பேரும்.

புதிய தளத்தில் இரண்டு வசதிகளை நான் என் சொந்தப் பிடிவாதத்தால் கொண்டுவந்தேன். ஒன்று, ஊரெங்கும் லிஃப்ட் குழிக்குள் நிற்கும் மெக்கானிக்குகளும் அதைத் தங்கள் செல்போனிலேயே திறந்து படிக்கலாம். இரண்டாவது, ஒப்புதலுக்கு அனுப்பிய எந்த ஆவணத்தையும் நடுவழியில் யாராலும் அழிக்க முடியாது. ஒன்று ஒப்புதல் தர வேண்டும், இல்லையென்றால் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லி நான் பீற்றிக்கொண்டதில் கேன்டீன்காரர்கூட என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

இந்த வேலையில்தான் தினேஷ் வந்தார். வாணியம்பாடிக்காரர், சர்வீஸ் பிரிவில் லிஃப்ட் பாதுகாப்புச் சோதனை செய்பவர். பழைய ஆவணங்களைப் பிரிவு பிரிவாகத் திறந்து நான் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த நாட்களில், அவருடைய ஃபோல்டரைத் திறந்தேன். ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரே ஒரு பிரதி. பெயரில் இடம், தேதி, லிஃப்ட் எண். 'இறுதி' என்ற வார்த்தையே எங்கும் இல்லை. யார் இந்த மகான் என்று தேடிப்போய்ப் பார்த்தேன். ஃபோல்டரைப் பார்த்து மனதைக் கொடுத்த பெண் இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவருக்கும் என்னைப் பிடித்துப்போக, ஆறு மாதம் பழகிய பிறகு கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் பேசி முடிவு செய்தோம். வீட்டில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வீட்டில் போய் அழுதுகொண்டு நிற்பதெல்லாம் பழைய முறை என்று நினைத்து, கம்பெனி பாணியில் ஒரு முன்மொழிவு தயாரித்தேன். மேலே, பாதுகாப்புத் தொப்பி போட்டுக்கொண்டு லிஃப்ட் வாசலில் நிற்கும் தினேஷின் படம். கீழே நோக்கம், நன்மைகள், இடர்கள், ஒவ்வோர் இடருக்கும் தீர்வு. முதல் இடர், பையன் வேறு சாதி. (ஆங்கிலத்தில் 'பின்னணி வேறுபாடு' என்று நாசூக்காக எழுதியிருந்தேன்.) இரண்டாவது, அப்பா எதிர்க்கலாம், தீர்வு, அத்தை மூலமாகப் பேசுவது. மூன்றாவது, ஐந்து வருஷத்துக்குள் பையனுக்கு முடி கொட்டிவிட வாய்ப்பு அதிகம். தீர்வு எதுவும் இல்லை.

அந்த வாரம் புதிய தளத்தின் ஒப்புதல் வசதியைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆவணம் தேவைப்பட்டது. நிஜமான ஆவணத்தைக் கொண்டு சோதித்தால்தான் சோதனை நிஜமாக இருக்கும் என்பது என் கொள்கை. கையில் இருந்த நிஜமான ஆவணம் இதுதான். வீட்டில் அது போக வேண்டிய வரிசை, அம்மா, அத்தை, அப்பா. சோதனைக்கு ஊழியர்களின் பெயர்தான் கொடுக்க முடியும் என்பதால் பொருத்தமாக ஆள் தேடினேன். பார்க்கும்போதெல்லாம் "ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிக்கும் நாகராஜ் சார் அம்மாவுக்குப் பதில். எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கும் தணிக்கைப் பிரிவுத் தலைவி ஷகீலா மேடம் அத்தைக்குப் பதில். அப்பாவுக்குப் பதில் எம்.டி. அப்போது தளத்திலிருந்து மின்னஞ்சல் போகும் வசதியை நிறுத்திவைத்திருந்தேன். அதனால் யாருக்கும் எதுவும் போகவில்லை. வசதி அழகாக வேலை செய்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தொடக்க விழாவுக்கு முன் சோதனை ஆவணங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். திரையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. ஓர் ஆவணத்தை அழிக்க முடியவில்லை, காரணம் அது ஒப்புதல் வழியில் இருக்கிறது என்று அது சொல்லியிருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நான் அதைப் படிக்காமல் மூடிவிட்டேன். திரையில் வரும் செய்திகளைப் படிக்காமல் மூடாதீர்கள் என்று எழுதிக் கம்பெனிச் சுவர்களில் எல்லாம் ஒட்டியவள் நான்தான்.

திங்கட்கிழமை காலை கேன்டீனில் கூட்டம். நாகராஜ் சார் சர்வருக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியிருந்தார். எம்.டி. மேடையேறி மவுஸைக் கையில் பிடித்தார். மனிதர் கொஞ்சம் கூச்ச சுபாவம், கம்ப்யூட்டர் என்றால் தயக்கம். முந்தின வெள்ளிக்கிழமை அவருக்கு நானே பத்து நிமிடம் பயிற்சி கொடுத்திருந்தேன். எந்த ஆவணமாக இருந்தாலும் பயப்படாமல் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். மாணவர் நல்ல மாணவர். புதிய தளம் திறந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அதே நொடியில் மின்னஞ்சல் வசதிக்கும் உயிர் வந்து நாகராஜ் சார், ஷகீலா மேடம், எம்.டி. மூவரின் போன்களும் ஒன்றாக ஒலித்தன. முகப்பில் 'புதிய ஆவணங்கள்' என்ற கட்டத்தில் ஒரே ஓர் ஆவணம் இருந்தது. எம்.டி. என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

முதலில் தொப்பியோடு தினேஷ் வந்தார், ஆளுயரத்துக்கு. பிறகு நோக்கம், 'திருமணம்'. பிறகு என் பெயர். ஓடிப்போய் வயரைப் பிடுங்கலாம் என்று பார்த்தால், எது எந்த வயர் என்று தெரியவில்லை. எம்.டி.யோ, நான் கற்றுக்கொடுத்தபடி மெதுவாகக் கீழே கீழே உருட்டிக்கொண்டே போனார். மூன்றாவது வரிசையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த தினேஷுக்கு இப்படி ஓர் ஆவணம் இருப்பதே தெரியாது. தன்னுடைய நன்மைகளைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்தார். மூன்றாவது இடர் வந்தபோது அவர் கை தானாகத் தலைக்குப் போனது. மொத்த கேன்டீனும் திரும்பி அந்தத் தலையைப் பார்த்தது.

நாகராஜ் சார் என் பக்கத்தில் வந்து, "ஏனம்மா இது?" என்று, என்னம்மா இது என்பதைக் கன்னடத்தில் மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எம்.டி. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒப்புதல் வசதி நன்றாக வேலை செய்கிறது என்று தெரிகிறது, அடுத்த அம்சத்துக்குப் போகலாம் என்றார். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். அன்று மதியத்துக்குள் புதிய தளத்தில் நுழையாத ஊழியரே இல்லை. எல்லோரும் ஒரே ஆவணத்தைத்தான் திறந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் எனக்கு அப்பா பயம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் போய் நானே சொல்லிவிடலாம் என்று மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது வசனம் தயாரித்துக்கொண்டு போனேன். சந்தில் நுழைந்ததும், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் செல்வம் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எங்கள் கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்குகளும் செல்போனிலேயே திறந்து படிக்கலாம் என்று நான் போராடி வாங்கிக்கொடுத்த வசதி, எனக்கு முன்னாலேயே ஸ்ரீராம்புரம் வந்து சேர்ந்துவிட்டது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். ஃபைல் எத்தனை நகர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. செல்வம் அண்ணனின் போனில் அவர் முழு ஆவணத்தையும் படித்திருந்தார். ஃபைல் ஆங்கிலம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கத்தலை எதிர்பார்த்து நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அத்தை மூலமா பேசறதுன்னு எழுதிருக்க. அப்பாகிட்ட நேரா கேக்கறதுன்னு ஒரு வரி ஏம்மா எழுதல?"

எனக்கு அழுகைதான் வந்தது. "ஆபீஸே படிச்சிருச்சு, தெருவே படிச்சிருச்சு. கடைசியா படிச்சவன் நான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்மா மட்டும் ரகசியமாக என்னைச் சமையலறைக்கு இழுத்து, பையன் கருவாடு சாப்பிடுவானா என்று கேட்டாள்.

மறுநாள் அந்த ஆவணத்தைப் பின்வாசல் வழியாக அழித்துவிடும்படி நாகராஜ் சாரிடம் கெஞ்சினேன். அவர் நான் கேட்பதற்கு முன்பே, முதல் நாளே, வழக்கம்போலப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஷகீலா மேடத்திடம் போனேன். அவர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார், மூன்றாவது இடருக்கு ஆதாரம் எங்கே என்று. தினேஷ் தன் அப்பா, சித்தப்பா இருவரின் படத்தையும் இணைத்துப் பதில் அனுப்ப, அவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அழிக்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நை மா, நடக்காது. நாளைக்கு ஒரு லிஃப்ட்டோட சேஃப்டி ரிப்போர்ட்டை எவனாவது வந்து இப்படி அழின்னு கேட்டா விடுவியா? ரூல் போட்டது நீதான" என்றார். வேண்டுமானால் மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைத்துவைக்கலாம் என்று இரக்கம் காட்டினார். எம்.டி. தன் பங்குக்கு, ஒப்புதலும் தராமல் திருப்பியும் அனுப்பாமல், 'பரிந்துரைக்கிறேன். இறுதி முடிவு தந்தையுடையது' என்று எழுதிவைத்தார். ஆக, புத்தம்புதுத் தளத்தில் ஒரே ஒரு வேலை முடியாமல் நின்றது. நிலுவை, காரணம் தந்தை.

மூன்று வாரம் அப்படியே நின்றது. கேன்டீனில், லிஃப்ட்டில், பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், இன்னும் நிலுவையா என்று. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா ஒன்றும் கேட்காமல் பேப்பரைப் பிரித்துப் பிடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேப்பருக்கு இந்தப் பக்கம் நின்று, "அப்பா, நேராவே கேக்கறேன்" என்றேன். பேப்பர் அசையவில்லை. "ஃபைல் எங்க இருக்கோ அங்க வந்துதான் பாக்கணும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்று புரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். பெரியவர் ஒருத்தர் ஒரு ஃபைல் விஷயமாக வந்திருப்பதாகச் சொல்கிறார், என்ன ஃபைல் என்று கேட்டால் ரகசியம் என்கிறார் மேடம் என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் அப்பா. சட்டைப்பையில் புதுப் பேனா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

நாகராஜ் சாரும் அவரும் கன்னடத்தில் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். சம்பந்தப்பட்டவரை வரச் சொன்னார் அப்பா. தினேஷ் வந்து நின்றார். அப்பா அவரிடம் கேட்டது ஒன்றுதான். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை யார் சோதிப்பது என்று கேட்டார். நான்தான் என்றார் தினேஷ். "எனக்கு லிஃப்ட்டுன்னா பயம். வா, ஏறிப் பாக்கலாம்" என்று சொல்லி அவரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

நானும் நாகராஜ் சாரும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஷகீலா மேடமும் கீழே நின்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. லிஃப்ட் கம்பெனியில் லிஃப்ட் பழுதாகிவிட்டதோ என்று நாகராஜ் சார் முணுமுணுத்தார். நான் கும்பிடாத சாமி இல்லை. ஒருவழியாக எண்கள் இறங்க ஆரம்பித்தன. கதவு திறந்தபோது இரண்டு பேரும் எதுவுமே நடக்காதது போல வெளியே வந்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

அப்பாவை என் மேஜையில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். ஒப்புதல் என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றேன். அவர் மவுஸைத் தொடவில்லை. காகிதத்தில் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். பச்சை மை.

அரசு அலுவலகத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அதிகாரிகள் மட்டும்தான். அந்தக் கையெழுத்துகளுக்காக ஆயுள் முழுக்க ஃபைல் சுமந்தவர் அப்பா. ஒரு நாளும் தன் கையில் அந்தப் பேனாவைப் பிடித்ததில்லை. அன்று காலை மெஜஸ்டிக்கில் இறங்கித் தேடி வாங்கியிருக்கிறார்.

முதல் இடரை நேர்க்கோடாக அடித்தார். பக்கத்தில் 'தேவையற்றது' என்று எழுதினார். இரண்டாவதை அடித்துவிட்டு, 'தந்தையிடம் விசாரிக்கப்படவில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவதைப் படித்தார், தினேஷின் தலையை ஒரு தடவை பார்த்தார், அதை அப்படியே விட்டுவிட்டார். கடைசியில் 'நேரில் பார்த்தேன். ஒப்புதல்' என்று எழுதி, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டார். கையெழுத்துக்குக் கீழே அதிகாரிகள் தங்கள் பதவியை எழுதுவார்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த இடத்தில், 'பெண்ணின் தந்தை' என்று எழுதினார்.

ஷகீலா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தேதி சரியாக இருக்கிறதா என்று சோதித்தார். அந்தக் காகிதத்தை நானே ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றினேன். நிலுவை பூஜ்யம் என்று திரை காட்டியது. அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டார், "இன்னைக்கு எத்தனை ஃபைல் நகர்ந்துச்சு?" ஒன்று என்றேன். அதுவரை அவரிடம் நான் சொன்ன எண்களிலேயே மிக உண்மையானது அதுதான்.

அந்தத் தளம் இன்றும் ஓடுகிறது, இப்போது அதற்குப் பொறுப்பு நான். ஓர் அறிக்கைகூட அதிலிருந்து தொலைந்ததில்லை, ஒரு மெக்கானிக் கூட எந்தக் கையேடு சரி என்று தலையைச் சொறிந்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். தலையைப் பொறுத்தவரை, என் மூன்றாவது இடர் மதிப்பீடும் துல்லியமாகப் பலித்தது. சொன்ன ஐந்து வருஷம்கூட ஆகவில்லை.

ஒரே ஒரு தொல்லை. ஒப்புதல் பெற்ற எந்த ஆவணமும் இன்னும் செல்லுமா என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்கும்படி தளத்தை அமைத்திருந்தேன். (அதுவும் என் யோசனைதான்.) ஆகவே வருஷா வருஷம் தவறாமல் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். 'தினேஷ்: மறுபரிசீலனைக்கான நேரம்'. உடனே அப்பாவுக்கு போன் போடுவேன். அங்கே அப்பா வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி நிற்பார்கள், அத்தை உட்பட. இங்கே தினேஷ் எங்கள் சமையலறை வாசலில் காபி டம்ளரோடு காத்திருப்பார். அப்பா ஆழமாக மூச்சுவிட்டு, ஒவ்வொரு வருஷமும் அன்றுதான் முதன்முறையாக யோசிப்பவர்போல யோசித்து, "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு எழுதும்மா" என்பார்.

நானும் அப்படியே பதிவேன். தினேஷ் இப்போது எட்டாவது நீட்டிப்பில் இருக்கிறார்.